மாங்கூழ் ஆலையும் சாட்பாட் மேற்கோள்களும்: 14 மாத அனுபவம்

2025 ஜூனில் ஒரு காலை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிப் பக்கம் சித்தப்பா நடத்தும் மாங்கூழ் ஆலையின் வாசலில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. விலை படுத்துவிட்ட சீசன் அது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திர அரசு, ஆலை தருவது 8 ரூபாய், அரசு தருவது 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டிய நிலை. ஒரு விவசாயி செல்போனைச் சித்தப்பாவிடம் நீட்டினார். "அண்ணா, உங்கள் கம்பெனியே கிலோ 24 ரூபாய்க்கு எடுப்பதாக இதில் வருகிறதே. பிறகு ஏன் எங்களிடம் இப்படிப் பேசுகிறீர்கள்?" சாட்பாட் ஒன்று தந்த பதில் அது. கீழே ஆதாரமாக எங்கள் இணையதளத்தின் சுட்டி.

அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்தான். முந்தைய ஆண்டு விலை ஏறியிருந்தபோது "தற்போதைய கொள்முதல் விலை" என்று தலைப்பு வைத்து எழுதினேன், தேதி போடவில்லை. சாட்பாட்டைத் திட்டி என்ன பயன்? நான் "தற்போதைய" என்றேன், அது நம்பிவிட்டது.

எனக்கு உறைத்தது வேறு. அப்போது ஆறு மாதமாக, மாதம் 2,500 ரூபாய் கட்டி, சாட்பாட்கள் எங்களை எங்கெல்லாம் மேற்கோள் காட்டுகின்றன என்று கணக்கெடுக்கும் சேவை ஒன்றை வைத்திருந்தேன். அன்று மாலை அதைத் திறந்து பார்த்தால் அதே பதில் அங்கேயும் பதிவாகியிருந்தது, பக்கத்தில் பச்சைக் குறியோடு. மேற்கோள் கிடைத்துவிட்டதாம், வெற்றியாம்! வாசலில் சித்தப்பா பட்ட பாடு அதன் கணக்கில் ஒரு மதிப்பெண்.

2024 டிசம்பரில் சாட்ஜிபிடியின் இணையத் தேடல் இலவசக் கணக்குக்காரர்களுக்கும் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டிலேயே கூகுள் தேடலின் உச்சியில் ஏஐ சுருக்கம் இந்தியாவிலும் தோன்றத் தொடங்கியிருந்தது. எங்களிடம் கூழ் வாங்க வருபவர்கள் இவற்றிடம் விசாரித்துவிட்டுத்தான் போன் செய்கிறார்கள் என்பது அவர்கள் கேட்கும் விதத்திலேயே தெரிந்தது. அதனால்தான் 2025 ஜனவரியில் 40 கேள்விகளை எழுதி அந்தச் சேவையில் போட்டேன். கிளிமூக்குக் கூழின் பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) எவ்வளவு, 215 கிலோ பீப்பாயில் யார் தருகிறார்கள், அல்போன்சாவுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு, இப்படி.

எத்தனை கேள்விக்கு எங்கள் பெயர் வந்தது என்று வாராவாரம் ஒரு சதவீதம் வரும். ஒரு வாரம் 30, மறுவாரம் 17.5. இடையில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. 12 கேள்வியில் வந்த பெயர் 7 கேள்வியில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே கேள்விக்கு ஒரே சாட்பாட் காலையில் ஒரு பதிலும் மாலையில் வேறு பதிலும் தருவது இயல்பு. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுச் சதவீதம் போட்டால் அது நடுங்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு, நம்மைப் போலச் செயலியைத் திறந்து கேட்காமல், மென்பொருளும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் ஏபிஐ என்ற பின்வாசல் வழியாகக் கேட்கிறது அந்தச் சேவை. என் கைபேசியில் வரும் பதிலும் அதன் பட்டியலில் இருக்கும் பதிலும் பல நாள் ஒத்துப்போகவில்லை.

எட்டாம் மாதத்தோடு அதை நிறுத்திவிட்டேன். இப்போது ஒரு நோட்டுப் புத்தகம்தான். திங்கட்கிழமை தோறும் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றும் மூன்று முறை. பெயர் வந்ததா, சுட்டி வந்ததா, எந்தப் பக்கம், சொன்னது சரியா என்று நான்கு பத்திகள். பெயர் வருவதும் சுட்டி வருவதும் ஒன்றல்ல என்பதை இந்த நோட்டுதான் காட்டியது. எங்கள் பக்கத்திலிருந்து விவரத்தை எடுத்துக்கொண்டு வேறொருவரைப் பரிந்துரைத்த பதில்கள் உண்டு. எங்கள் பெயரைச் சொல்லிவிட்டு, ஆதாரமாக ஏதோ ஒரு வணிகப் பட்டியல் தளத்தைக் காட்டிய பதில்கள் அதைவிட அதிகம். அங்கே எங்கள் பழைய போன் நம்பர் இருந்தது.

நோட்டோடு சேர்த்துப் பார்ப்பது சர்வரின் வருகைப் பதிவு, அதாவது எங்கள் இணையதளத்துக்கு யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தை எடுத்தார்கள் என்ற குறிப்பு. இது காசில்லாமல் கிடைப்பது. என் வரையில் இதற்கு ஈடு இல்லை. பக்கங்களை எடுக்க நிறுவனங்கள் அனுப்பும் தானியங்கி நிரலுக்குப் பாட் என்று பெயர். சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ மூன்று பெயரில் வருகிறது. ஜிபிடிபாட் வந்தால் ஏஐ மாடலின் பயிற்சிக்கு. ஓஏஐ-செர்ச்பாட் வந்தால் தேடல் பட்டியலுக்கு. சாட்ஜிபிடி-யூசர் வந்தால் யாரோ ஒருவரின் கேள்விக்காக அப்போதே வந்து எடுத்துப் போகிறது. கடைசிப் பெயர் எந்தப் பக்கத்தைத் தட்டுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சுட்டியைச் சொடுக்கி யாராவது வந்தால், சாட்ஜிபிடி தன் பெயரை முகவரியின் வாலில் ஒட்டி அனுப்புகிறது, எண்ணுவது எளிது. கூகுளில்தான் கை கட்டிப்போய்விடுகிறது. ஏஐ சுருக்கத்துக்கும் அதன் வழக்கமான தேடல் பாட்டே வருகிறது, அதிலிருந்து வரும் சொடுக்குகளும் மொத்தக் கணக்கில் கரைந்துவிடுகின்றன.

இந்த வருகைப் பதிவைப் படித்ததில் ஒரு முட்டாள்தனம் வெளிப்பட்டது. கூழின் தர விவரம் முழுவதையும் அழகான அட்டவணையாக வரைந்து படமாகப் போட்டிருந்தேன். பாட் வருகிறது, போகிறது, ஆனால் பதிலில் எங்கள் பிரிக்ஸ் வந்ததே இல்லை. படத்தை எடுத்துவிட்டு, "எங்கள் கிளிமூக்குக் கூழின் பிரிக்ஸ் குறைந்தது 14" என்று முழு வாக்கியமாகத் தட்டச்சு செய்தேன். மூன்றாம் வாரம் அந்த வாக்கியமே ஏறக்குறைய அப்படியே பதிலில் வந்தது, எங்கள் சுட்டியோடு. 14 மாதத்தில் நான் உண்மையாகவே துள்ளிக் குதித்த நாள் அது ஒன்றுதான்.

தீராத தலைவலி ஊர்ப்பெயர். போச்சம்பள்ளி என்றால் சாட்பாட்களுக்குத் தெலங்கானாவின் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஆலையை ஐதராபாத் பக்கம் கொண்டுபோய் வைத்து, வரும்போது இக்கத் புடவையும் வாங்கலாம் என்று யோசனை சொன்ன பதிலை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். காவேரிப்பட்டணத்து மாங்காய் மண்டியைக் கேட்டால் பூம்புகாருக்குப் போய்விடும். எங்கள் மாவட்டத்துப் பர்கூர் என்றால் ஈரோட்டு மலைமாடு. ஒவ்வொரு பக்கத்தின் முதல் பத்தியிலும் "கிருஷ்ணகிரி மாவட்டம், தமிழ்நாடு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பிறகு குழப்பம் குறைந்திருக்கிறது. விலைப் பக்கத்திலும் இப்போது தேதி இருக்கிறது.

திங்கள் மாலையானால் சித்தப்பா தேநீரோடு வந்து நிற்பார். "ஏம்ப்பா, இந்த வாரம் நம்மை எங்கே வைத்திருக்கிறது?" போன வாரம் முப்பது பதில்களில் இருபத்தொன்று கிருஷ்ணகிரி, ஆறு தெலங்கானா. மூன்றில் நாங்கள் இல்லவே இல்லை.