எழுத்து போட்டால் படம் நிற்கிறது: ஜெல்லிஃபின்னோடு இரண்டு வருடம்

குன்னூரில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான், "உங்க வீட்டுல இருக்கிற மாதிரி ஒரு சர்வர் நானும் போடலாமாடா?" அவனுக்கு அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவன் கேட்டது ஜெல்லிஃபின்: கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த படங்களை வீட்டு டிவிக்கு அனுப்பும் மென்பொருள்.

முதலில் நல்லது. கோத்தகிரியில் எங்களுக்குப் பெருமழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். எங்காவது ஒரு மரம் சாய்ந்து ஃபைபர் கேபிள் அறுந்தால், நெட் திரும்பி வர இரண்டு மூன்று நாளாகும். போன கார்த்திகையில் அப்படித்தான் ஆனது. ஜெல்லிஃபின்னுக்கு வெளி இணையம் வேண்டாம், எந்த நிறுவனத்தின் கணக்கிலும் நுழைய வேண்டாம். ரவுட்டரும் பழைய கம்ப்யூட்டரும் ஓடினால் போதும். வெளியே மழை கொட்ட, அம்மாவும் நானும் மூன்று நாளில் நான்கு படம் பார்த்தோம். அதற்காகவே இந்த மென்பொருளை எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம், அதுவும் இலவசம்.

ஆனால் அந்த நிலைக்கு வருவதற்குள் பட்ட பாடு இருக்கிறதே!

அம்மாவுக்குக் காது மந்தம். படம் ஆரம்பித்ததுமே "எழுத்தைப் போடுப்பா" என்பார், சப்டைட்டிலைத்தான் சொல்கிறார். போட்ட மறு நிமிடம் திரையில் வட்டம் சுற்றும். பத்து விநாடி ஓடும், நிற்கும். எழுத்தை எடுத்தால் ஒழுங்காக ஓடும். "பரவாயில்லை, எழுத்து இல்லாமலே பார்க்கிறேன்" என்று அம்மா சொன்ன அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வைஃபைதான் காரணம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுச் சுவர் கருங்கல். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு அறையைத் தாண்டுவதே பெரிது. கூடம் வரை லேன் கேபிள் இழுத்தேன். டிவியின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், என் படங்களோ 8 எம்பிபிஎஸ்கூட வராது. அப்புறமும் அதே வட்டம்.

ஆறு மாதம் கழித்துத்தான், படம் ஓடும்போதே ஜெல்லிஃபின்னின் நிலவரப் பக்கத்தை (டாஷ்போர்டு) திறந்து பார்த்தேன். எழுத்து இல்லாதபோது 'டைரக்ட் ப்ளே', அதாவது கோப்பு அப்படியே போகிறது; போட்டதும் 'டிரான்ஸ்கோடிங்', அதாவது சர்வர் அதை மாற்றி அனுப்புகிறது. காரணமும் அங்கேயே இருந்தது: இந்த வகை சப்டைட்டில் டிவிக்குப் புரியாது. ப்ளூ-ரே தட்டில் வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் உண்மையில் எழுத்தே இல்லை, ஒவ்வொரு வரியும் ஒரு சின்னப் புகைப்படம் மாதிரி. டிவியால் அதைக் காட்ட முடியாததால், சர்வர் முழு வீடியோவையும் பிரித்து, ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதை ஒட்டி, மறுபடி சுருக்கி அனுப்புகிறது. இடம் மிச்சமாகட்டும் என்று நான் எல்லாப் படத்தையும் வீடியோவை நன்றாகச் சுருக்கும் ஹெச்.265 என்ற முறையில், 10 பிட்டில் மாற்றி வைத்திருந்தேன். அந்த முறை வந்ததே 2013-ல். 2014-ல் வாங்கிய என் கம்ப்யூட்டரின் சில்லுக்கு அதைப் பிரிக்கும் வசதி கிடையாது. பிராசஸர் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது.

தட்டுகளில் வரும் டிடிஎஸ் என்ற வகை ஒலியும் இந்த டிவிக்கு ஆகாது. ஆனால் அதற்கு ஒலியை மட்டும் மாற்றினால் போதும், வீடியோவைத் தொட வேண்டியதில்லை. அதைப் பழைய பெட்டியே அலட்டாமல் செய்கிறது.

என் கோபமெல்லாம் டிவி செய்தவர்கள் மேல்தான். அட்டைப் பெட்டி முழுக்க 4கே, ஹெச்டிஆர் என்று அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, எந்த சப்டைட்டில் ஓடும் என்று ஒரு வரி போட மனம் வரவில்லை. காது கேட்காதவர்கள் டிவி வாங்கவே மாட்டார்களா?

இப்போது சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் படமாக இருக்கும் அந்த சப்டைட்டில் வரிகளை நிஜ எழுத்தாக, எஸ்ஆர்டி கோப்பாக மாற்றுகிறேன். எழுத்தை டிவியே போட்டுக்கொள்கிறது, படம் நிற்பதே இல்லை. ஆனால் அது ஆங்கிலச் சின்ன 'எல்'லையும் பெரிய 'ஐ'யையும் குழப்பும். ஆயிரம் வரிக்கு மேல் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த ஒரு படத்துக்கு இரண்டு மாலை போகிறது.

சரி, நண்பனுக்குப் பதில்: வேண்டாம்டா. பழைய கம்ப்யூட்டரை நம்பி இறங்காதே. போட்டே ஆக வேண்டும் என்றால் இன்டெல் என்100 மாதிரி புதுச் சில்லு உள்ள குட்டிப் பெட்டி வாங்கு; ஹெச்.265-ஐ அது வன்பொருளிலேயே பிரித்துவிடும்.

எனக்கு இன்னும் நாற்பது தட்டு பாக்கி. அம்மா கேட்ட படத்தில் பாதி வரி திருத்தியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவேன்.