மலேரியா பிசிஆருக்கு ரத்தம்: ஸ்பின் காலமா, பீட்ஸா?

பிசிஆர் என்பது டிஎன்ஏவைப் பல மடங்காக்கிக் கிருமியைக் கண்டுபிடிக்கும் சோதனை. அதற்கு முன் ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்க ஸ்பின் காலம், காந்த பீட்ஸ் (குட்டி மணிகள்) என்று இரண்டு வழிகள்; எங்கள் லேபில் இரண்டுமே இருக்கின்றன. மலேரியா சாம்பிள் வந்தால் என் கை போவது ஸ்பின் காலம் கிட்டுக்குத்தான். (இந்தக் காலம் நேரமில்லை, உள்ளே சிலிக்கா படலம் வைத்த, சுழற்றி வடிக்கும் குட்டிக் குழாய்.)

வேதியியல் ஒன்றுதான். குவானிடின் உப்பில் செல் உடையும், டிஎன்ஏ சிலிக்காவில் ஒட்டும், ஆல்கஹால் கலந்த கரைசலில் அழுக்கு போகும், கடைசியில் கொஞ்சம் பஃபரில் டிஎன்ஏ இறங்கும். பீட்ஸில் சிலிக்கா, காந்தத் துகள்மேல் பூச்சாக இருக்கும், அவ்வளவே. வேகத்தில் பீட்ஸ் மெஷினை அடிக்க முடியாது. பெரிய மெஷினில் 96 சாம்பிளை ஏற்றிவிட்டு டீ குடித்து வரலாம்.

எனக்கு முடிவு சொன்னது ரத்தத்தின் நிறம். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் இருப்பதால் பிளாஸ்மா போதாது. முழு ரத்தம் வேண்டும். கூடவே ஹீமோகுளோபினும் வரும். அதிலுள்ள ஹீம் மிஞ்சினால் பிசிஆர் என்சைம் படுத்துவிடும். ஒட்டுண்ணி குறைவாக உள்ளவருக்கு நெகட்டிவ் என்று ரிப்போர்ட் போய்விடும். காலத்தில் இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். முதல் கழுவல் முடிந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். வெள்ளைப் படலத்தின் ஓரத்தில் பழுப்பு தெரிந்தால் அந்த ஒரு குழாய்க்கு மட்டும் இன்னொரு கழுவல்.

போன மழைக்காலத்தில் சரியாகக் கலக்காத ஊதா மூடி டியூப் (ரத்தம் உறையாமலிருக்க மருந்து போட்டது) ஒன்றில் ரத்தம் கட்டியிருந்தது. காலம் அடைத்துக்கொண்டது. எரிச்சல்தான், ஆனாலும் அங்கேயே தெரிந்துவிட்டது. அதே மாதிரி ஒன்று மெஷினில் போனபோது, கடைசியில் இளஞ்சிவப்பாகக் கரைசல் வந்த பிறகுதான் புரிந்தது. இன்டர்னல் கன்ட்ரோல் (பிசிஆர் ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்ட ஒவ்வொரு சாம்பிளோடும் ஓட்டும் சோதனை) வெகு தாமதமாக ஏறியது. அந்தக் கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கவைத்து ஓட்டியதும் சரியானது.

காலத்திலும் குறை உண்டு. கழுவலுக்குப் பின் வெறும் சுற்று (எதுவும் ஊற்றாமல் சுழற்றுவது) விட மறந்தால் ஆல்கஹால் தங்கி பிசிஆரைக் கெடுக்கும். நானே மறந்திருக்கிறேன்.

டெங்குவுக்குப் பிளாஸ்மாவோ சீரமோ போதும் என்பதால் என் நிற வாதம் அங்கே அவ்வளவாக எடுபடாது. நான் கையாண்டதும் கொஞ்சம்தான். அதில் பீட்ஸ் பக்கம் சாய்கிறவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன். பச்சை மூடி ஹெப்பாரின் (இதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துதான்) டியூப் வந்தால் மட்டும் எந்த முறைக்கும் எடுக்காமல் திருப்பிவிடுவேன்; ஹெப்பாரினும் பிசிஆரைத் தடுக்கும்.

அப்புறம், எந்தக் கிட்டானாலும் குவானிடின் கழிவில் பிளீச் ஊற்றாதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.