ஆண்டு வார்த்தை அட்டைப் பெட்டி: ஒரு வருஷம் பயன்படுத்திய பிறகு

போன டிசம்பரில் மார்த்தாண்டத்தில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இந்தப் பெட்டியை 180 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே ஐம்பது மடிப்பு அட்டைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரே ஒரு வார்த்தை: கிருபை, நன்றி, மன்னிப்பு, இளைப்பாறுதல் என்று. அதில் ஒன்றைத் தெரிந்தெடுத்து வருஷம் முழுக்க அதைப் பிடித்து ஜெபிக்க வேண்டும்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வரும்போது தட்டில் புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை நீட்டுவார்கள் அல்லவா, அதை நான் குறைவாக நினைக்கவில்லை. என் பைபிளுக்குள் பழைய அட்டைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அதில் வசனம் தனியாக நிற்கும். 'வாலாக்காமல் தலையாக்குவார்' என்ற உபாகமம் 28:13 எத்தனை வீட்டு நிலைவாசலில் ஒட்டியிருக்கிறது! கட்டளைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்பதும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. ஸ்டிக்கரில் அது வராது. எரேமியா 29:11-உம் அப்படித்தான். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய நிருபம் அது. திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்று முந்தின வசனத்திலேயே சொல்லியிருக்கிறது. அந்த நிருபத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். இதையும் சேர்த்து வாசித்தால்தான் 'சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்பது எவ்வளவு பெரிய வார்த்தை என்று புரிகிறது.

இந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்ததும் இதுதான். அட்டையைத் திறந்தால் இடதுபக்கம் வசனம் வரும் பகுதி முழுவதும் இருக்கிறது, வலதுபக்கம் பன்னிரண்டு மாதத்துக்கும் எழுத இடம்.

குலுக்கி எடுக்காதீர்கள், வாசித்து ஜெபித்துத் தெரிந்தெடுங்கள் என்று ஒரு குறிப்புத் தாளும் வைத்திருக்கிறார்கள். சீட்டு எடுப்பதற்கும் நீண்ட பாரம்பரியம் உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலுள்ள மொராவியர் என்னும் கிறிஸ்தவ சபையார் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, 1731 முதல் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். அதே நாட்டில் ஆண்டு வசனத்தை மட்டும் பல சபைகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசித் தெரிந்தெடுக்கிறார்கள். 2026-க்கு அவர்கள் எடுத்தது வெளிப்படுத்தல் 21:5, 'இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்.' வீட்டுக்குத் தெரிந்தெடுப்பதே நல்லது என்பது என் எண்ணம். குலுக்கும்போது கண்டிப்பான வசனம் வந்தால் திருப்பிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறோம், பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் எடுத்தது 'காத்திரு', சங்கீதம் 27. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் எங்கள் ரப்பர் மரங்களைச் சாய்த்துப் போட்டது. அடுத்த வருஷம் மறுபடி கன்று நட்டோம். ரப்பர் பால்வெட்டுக்கு, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பதற்கு, வர ஏறக்குறைய ஏழு வருஷம் வேண்டும். தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் ஆக வேண்டும். இந்த வருஷம் என் வீட்டுக்காரர் டேப்பும் கையுமாக மரம் மரமாக அளந்தார். பாதி மரங்கள் தேறவில்லை. ஜூன் மாதக் கட்டத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்: 'கடன் தவணை இருக்கிறது, வெட்டலாமா என்று கேட்கிறார். பிஞ்சு மரத்தை வெட்டினால் நிற்காது.' அன்று ராத்திரி அந்தச் சங்கீதத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தோம். பாளயமிறங்கின சத்துருக்களும், தகப்பனும் தாயும் கைவிடுகிற வேதனையும் எல்லாம் வந்து போன பிறகுதான் கடைசி வசனத்தில் 'கர்த்தருக்குக் காத்திரு' வருகிறது. தாவீது சும்மா உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லவில்லை. நாங்களும் மரத்தில் கத்தி வைக்கவில்லை.

குறைகளும் உண்டு. உள்ளே எழுத்து ரொம்பப் பொடி. "கண்ணுக்குப் பிடிபடல மக்ளே" என்று மாமி அட்டையை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார், நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். எழுதும் பக்கத்தில் பளபளப்பு அதிகம், மை பேனா இழுகிவிடும், பால்பாயிண்ட்தான் சரி. பெட்டி மூடி ஓணத்துக்கு முன்பே ஓரம் கிழிந்துவிட்டது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஐம்பது வார்த்தையில் 'மனந்திரும்பு' இல்லை, 'நீதி' இல்லை. அநேகமாக எல்லாமே ஆறுதல். முழுப் பகுதியையும் அச்சிடத் துணிந்தவர்கள் இதையும் சேர்த்திருக்க வேண்டும். அடுத்த பதிப்பில் சேர்க்கும்படி கடையில் சொல்லியிருக்கிறேன்.

குடும்பமாக ஜெபம் பண்ணுகிறவர்களுக்கும் ஓய்வுநாள் பள்ளி பெரிய பிள்ளைகளுக்கும் தாராளமாக வாங்கலாம். அட்டை தனியாகவும் 5 ரூபாய்க்குக் கிடைக்கும், ஆனால் குறிப்புத் தாள் பெட்டியோடு மட்டும்தான் வரும். கிறிஸ்துமஸ் வாரத்தில் கடையில் நிற்க இடம் இருக்காது, வார்த்தையைப் புரட்டிப் பார்த்து எடுக்க முடியாது. அதற்கு முன்பே போய்விடுங்கள்.