பைக்குக்கு ஜம்ப் ஸ்டார்ட்டர்: நான்கு ஆண்டுகள், இரண்டு கருவிகள்

என்னுடைய 350 சிசி மோட்டார் சைக்கிளில் கிக் லீவர் கிடையாது. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் தள்ளிப் பார்க்கலாம். ஆனால் பெட்ரோல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மின்சாரம் தர வேண்டிய பேட்டரியே அடங்கிக் கிடக்கும்போது, இரண்டாவது கியரில் போட்டு எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு ஓடினாலும் நமக்குத்தான் மூச்சு வாங்கும். கார்புரேட்டர் வண்டி வைத்திருந்த காலத்தில் நினைத்தே பார்க்காத ஜம்ப் ஸ்டார்ட்டரை, அதாவது பேட்டரி அடங்கிய வண்டியை எழுப்ப வெளியிலிருந்து மின்சாரம் தரும் கையடக்கக் கருவியை, வாங்க நேர்ந்தது இதனால்தான். நான்கு ஆண்டுகளில் இரண்டு கருவிகளைப் பயன்படுத்திவிட்டேன். முதலாவது ஒன்றரை ஆண்டில் வயிறு உப்பிப் போனது. இரண்டாவது இன்றும் வேலை செய்கிறது.

முதல் கருவியை வாங்கும்போது, எல்லோரையும் போல நானும் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்த எண்களைத்தான் பார்த்தேன். உச்ச மின்னோட்டம் 2000 ஆம்பியர், கொள்ளளவு 20000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்று போட்டிருந்தது. உச்ச மின்னோட்டம் என்பது ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய அளவு. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் சில விநாடிகளுக்கு அந்தக் கருவி தொடர்ந்து எவ்வளவு தரும் என்பதை அது சொல்வதில்லை. கொள்ளளவுக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 20000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் உள்ள ஒற்றை லித்தியம் செல்லின் அளவில் சொல்லப்படுவது. மூன்று செல்களைத் தொடராக இணைத்து 11.1 வோல்ட்டில் வெளியே எடுக்கும்போது அது ஏறத்தாழ 6.7 ஆம்பியர் மணிதான். எனவே கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் எம்ஏஎச்சை விட்டுவிட்டு, பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் வாட் மணியை, அதாவது கருவியில் அடங்கும் மொத்த ஆற்றலை, பார்ப்பது நல்லது. முதல் கருவியில் அது 74.

அந்த 74 வாட் மணியும் பைக்குக்கு மிக அதிகம் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒற்றை சிலிண்டர் என்ஜினின் செல்ஃப் மோட்டார் 10 வோல்ட்டில் 80 ஆம்பியர் வீதம் 2 விநாடி இழுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், செலவாகும் ஆற்றல் அரை வாட் மணிகூட இல்லை. தேவைப்படுவது அந்த 2 விநாடிக்கு மின்னழுத்தம் சரியாமல் தாங்கும் செல்களே தவிர, கொள்ளளவு அன்று. பெரிய டீசல் கார்களுக்கென்று செய்த கருவியை பைக்குக்கு வாங்கினால் எடையைத்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

எடையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், பேட்டரியில் மாட்டும் கிளிப்புகளைத்தான் பொறுக்க முடியவில்லை. என் வண்டியில் பேட்டரி சைடு பேனலுக்குப் பின்னால் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பாசிட்டிவ் டெர்மினலுக்கும் சேஸிஸ் இரும்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. காருக்கான அகலமான கிளிப்பை அதற்குள் நுழைத்தபோது, அதன் ஒரு தாடை டெர்மினல் போல்ட்டையும் மற்றொன்று சேஸிஸையும் தொட்டது. கறுப்புக் கிளிப்பையும் ஏற்கெனவே மாட்டியிருந்ததால் அது கருவிக்கு நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்க வேண்டியது. கேபிளின் நடுவே இருந்த பாதுகாப்புப் பெட்டி சிவப்பு விளக்கை எரியவிட்டுக் கீச்சிட்டு, மின்சாரத்தை வெளியே விடாமல் நிறுத்திக்கொண்டது. அந்தக் கருவிக்கு நான் கடன்பட்டிருப்பது அந்த ஒரு தருணத்துக்காகத்தான்.

அடுத்து, பேட்டரி சார்ஜருக்காக வண்டியில் நிரந்தரமாக மாட்டியிருந்த மெல்லிய வயரின் வழியே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதிலிருந்த 10 ஆம்பியர் ஃப்யூஸ், செல்ஃப் பொத்தானை அழுத்திய கணத்திலேயே எரிந்துபோனது. அந்த வயர் சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே. தீர்வு வேறோர் இடத்தில் இருந்தது. செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்தான் ஸ்டார்ட்டர் ரிலே. பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு கேபிள் வந்து சேரும் அதன் போல்ட், பல வண்டிகளில் பேட்டரி டெர்மினலைவிட எளிதாகக் கைக்கு எட்டும். ரப்பர் மூடியை விலக்கி, பேட்டரி பக்கத்து போல்ட்டில் சிவப்புக் கிளிப்பையும், என்ஜினில் பெயின்ட் படாத ஒரு போல்ட்டில் கறுப்புக் கிளிப்பையும் மாட்டுகிறேன். கறுப்பை பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுவதால், கிளிப்பில் பொறி பறந்தாலும் பேட்டரியிலிருந்து கசியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவுக்கு அருகே பறக்காது. வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் பேனலைக் கழற்றி, கிளிப் எங்கே பிடிக்கும் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆம்பியர் கணக்குகளைவிட அந்தப் பத்து நிமிடம் பயனுள்ளது.

முழுக்க வற்றிப்போன பேட்டரி தனிக் கதை. பார்க்கிங் விளக்கு எரியும் நிலையில் சாவியை விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தபோது மல்டிமீட்டர் 1.4 வோல்ட் காட்டியது. பாதுகாப்புப் பெட்டிக்கு எதிரே ஒரு பேட்டரி இருப்பதே தெரியவில்லை. கிளிப் எதிலும் மாட்டப்படவில்லை என்றே அது கருதியது. இப்படிப் பேட்டரி தெரியாதபோதும் மின்சாரத்தை வெளியே விடச் செய்யத்தான் 'பூஸ்ட்' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். பல கருவிகளில் அதை அழுத்தினால், கிளிப் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் சேர்ந்தே அணைந்துவிடும் என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. சிவப்பு, கறுப்பு இரண்டையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டே நான் அழுத்துவேன். 3 விநாடிக்கு மேல் செல்ஃபைப் பிடிப்பதில்லை. எடுக்கவில்லை என்றால் அரை நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயல்வேன். என்ஜின் ஓடத் தொடங்கியதும் கிளிப்புகளைத் தாமதமின்றிக் கழற்ற வேண்டும். ஓடும் என்ஜினிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் ரெகுலேட்டர் அப்போது 14 வோல்ட்டுக்கு மேல் தந்துகொண்டிருக்கும். மூன்று செல் லித்தியம் தொகுப்பின் மேல் எல்லையோ 12.6 வோல்ட். மின்சாரம் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் அமைப்பு கேபிளில் இருந்தாலும், அதை நம்பி நின்று வேடிக்கை பார்க்க நான் விரும்பவில்லை.

முதல் கருவியைக் கெடுத்ததில் என் பங்கே அதிகம். அவசரத்துக்கு உதவ வேண்டும் என்று முழு சார்ஜில் இருக்கைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். முழு சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் லித்தியம் செல்கள் வேகமாக மூப்படையும். வெயிலில் நிற்கும் வண்டியின் இருக்கைக்கு அடியில் இரண்டுக்கும் குறைவே இல்லை. ஒரு நாள் எடுத்துப் பார்த்தபோது பிளாஸ்டிக் கூட்டின் பொருத்து விளிம்பு ஓர் ஓரத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. சார்ஜைக் காட்டும் விளக்குகள் நான்கும் எரிந்தன. வேலை செய்வது போலவே இருந்தது. உப்பிய செல்லைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவதை வாங்கும்போது மூன்றைத்தான் கேட்டேன்: குறுகிய தாடை உள்ள கிளிப்புகள், பிரிக்கக்கூடிய பாதுகாப்பு கேபிள், சார்ஜைச் சதவீதத்தில் காட்டும் திரை. நான்கு விளக்குகளில் ஒன்று அணைவதற்குள் கால்வாசி சார்ஜ் போய்விடக்கூடும் என்பதால் கடைசியானதை முக்கியமாகக் கருதுகிறேன். இதன் கொள்ளளவு 37 வாட் மணி. இரண்டரை ஆண்டில் பதினொரு முறை வண்டியை எழுப்பியிருக்கிறது, எந்த முறையும் சார்ஜ் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. வீட்டு அலமாரியில் 60 சதவீதம் அளவில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் முழுதாக ஏற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். வழியில் கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றவும் அது உதவுகிறது. ஆனால் திரும்பும் வழிக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்ற கவலையும் கூடவே வருகிறது.

பதினொன்று என்பது பெருமைக்குரிய எண் அன்று. அவற்றில் ஆறு ஒரே மாதத்தில் நடந்தவை. கருவி கையில் இருந்ததால் பேட்டரியைப் பற்றி யோசிக்காமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். ஒருவழியாக மீட்டர் வைத்துப் பார்த்தபோது, என்ஜின் ஓடும்போது சார்ஜிங் 14.1 வோல்ட் என்று ஒழுங்காகவே இருந்தது. வண்டியை அணைத்த பிறகும் 45 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டிருந்தது. ஹேண்டில் பாரில் மாட்டிய யூஎஸ்பி சாக்கெட்டை இக்னிஷன் வழியாக இல்லாமல் நேரே பேட்டரியில் இணைத்திருந்ததன் விளைவு. நாளொன்றுக்கு ஒரு ஆம்பியர் மணிக்குச் சற்று மேல். 8 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட முழுதாக வற்றிவிடும். இக்னிஷன் போட்டால் மட்டும் மின்சாரம் போகும்படி சாக்கெட்டுக்கு ஒரு ரிலே போட்ட பின் கருவிக்கு வேலை மிகவும் குறைந்துவிட்டது. இன்னொரு முறை கிளிப் மாட்டியும் ஸ்டார்ட்டர் ரிலே 'டிக் டிக்' என்றதே தவிர மோட்டார் சுற்றவில்லை; ரிலேயிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளின் போல்ட் தளர்ந்திருந்தது. அதற்கு வேண்டியிருந்தது 10 எம்எம் ஸ்பேனர் மட்டுமே.

இரண்டாவது கருவியிலும் ஒரு குறை உண்டு. சார்ஜ் துளையை மூடும் ரப்பர் நாக்கு ஓராண்டிலேயே அறுந்துவிட்டது. தூசி போகாமல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி வைத்திருக்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது திரை 58 சதவீதம் காட்டியது. கூட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன், எங்கும் பிளவு தட்டுப்படவில்லை.