பழைய செஸ்னா 172என்: வாங்கலாம், டேப்பெட்டைக் கழற்றிப் பார்த்த பிறகு

செஸ்னா நிறுவனம் 1977 முதல் 1980 வரையிலான மாடல்களாக வெளியிட்ட 172என், அமெரிக்காவில் முதன்முறையாகச் சொந்த விமானம் வாங்க நினைப்பவருக்கு இன்றும் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் நான்கு இருக்கை விமானம். ஓட்டுவதற்கு எளிது, உதிரிப்பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, இதைப் பழுதுபார்க்கத் தெரியாத மெக்கானிக் அரிது. ஆனால் இதை வாங்குபவர் உண்மையில் விலை கொடுப்பது எஞ்சினுக்குத்தான்.

இதில் உள்ளது லைகமிங் நிறுவனம் தயாரித்த, 160 குதிரைத்திறன் கொண்ட ஓ-320-எச்2ஏடி எஞ்சின். லைகமிங் எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருப்பதால், விமானம் வாரக்கணக்கில் பறக்காமல் நிற்கும்போது கேம்ஷாஃப்ட் மீதுள்ள எண்ணெய் வடிந்துவிடுகிறது. ஈரம் படிந்து துரு பிடிக்கிறது. பிறகு எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கேமின் முனைகளும், அவற்றின் மீது உரசி வால்வுகளைத் தள்ளும் டேப்பெட்டுகளும் செதில் செதிலாக உரிந்து தேய்கின்றன. இந்தக் கோளாறுக்கு எச்2ஏடி தனியாகக் கெட்ட பெயரே எடுத்தது. இதற்கெனவே தேய்மானத்தைக் குறைக்கும் எல்டபிள்யூ-16702 என்ற சேர்மத்தை எண்ணெயில் கலக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ கட்டாய ஆணை பிறப்பித்தது. விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் எண்ணெய் மாற்றிய பதிவுகளைப் பார்க்கும்போது, அந்தச் சேர்மமோ அது ஏற்கெனவே கலந்த எண்ணெயோ தவறாமல் பயன்படுத்தப்பட்டதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

விளம்பரத்தில் காணும் "ஓவர்ஹாலுக்குப் பின் 500 மணி நேரம் மட்டுமே" என்ற வரி பலரை மயக்குகிறது. ஓவர்ஹால் என்பது எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பது. அதற்கு லைகமிங் பரிந்துரைக்கும் எல்லை 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அது. அந்த 500 மணி நேரம் 20 ஆண்டுகளில் சேர்ந்தது என்றால், ஆண்டுக்கு 25 மணி நேரமே பறந்து மீதிக் காலமெல்லாம் நின்றே கழித்த எஞ்சின் அது. வாரந்தோறும் பறந்து 1,500 மணி நேரம் கண்ட எஞ்சினையே நான் விரும்பி எடுப்பேன்.

சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையில் 80-க்கு 76 என்று வந்ததும் பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த எண் பிஸ்டன் ரிங்குகளும் வால்வுகளும் காற்றை எவ்வளவு அடைத்து நிறுத்துகின்றன என்பதை மட்டுமே காட்டும். கேம்ஷாஃப்ட் பாதி தேய்ந்திருந்தாலும் அது மாறாது. ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய குழாய்க் கேமராவான போரோஸ்கோப்பைச் சிலிண்டருக்குள் செலுத்தி எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பைப் பார்க்க வேண்டும். இவற்றுக்கும் மேலாக, எச்2ஏடியில் ஒரு வசதி உண்டு: மற்ற பெரும்பாலான லைகமிங் எஞ்சின்களில் எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க்கேஸைப் பிளந்தால்தான் வெளிவரும் டேப்பெட்டுகளை, இதில் பிளக்காமலே கழற்றிப் பார்க்கலாம். அவற்றின் முகப்பில் குழி விழுந்திருந்தால் கேமும் கெட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அதை மாற்றக் கிராங்க்கேஸைப் பிளந்தே ஆக வேண்டும், செலவு ஓவர்ஹாலை எட்டிவிடும்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோக்களும் ஒரே கூட்டில் ஒரே அச்சில் சுழல்வது எனக்குப் பிடிக்காத அமைப்பு. அது உரிய காலத்தில் பிரித்துச் சோதிக்கப்பட்டிருந்தால் வாங்க மறுக்க மாட்டேன். புரொப்பெல்லர் எப்போதாவது தரையில் மோதியதா என்பதை விற்பவரின் சொல்லோடு விட்டுவிடக் கூடாது. மோதலுக்குப் பின் கிராங்க்ஷாஃப்ட் கியரைச் சோதிப்பது கட்டாயம். அது பதிவேட்டில் இருக்க வேண்டும். ஓக்லஹோமா சிட்டியிலுள்ள எஃப்ஏஏ பதிவகத்தில் கேட்டால், பெரிய பழுதுகளுக்கான 337 படிவங்களின் நகலும் கிடைக்கும்.

வாங்குமுன் செய்யும் பரிசோதனைக்குச் சட்டத்தில் வரையறை எதுவும் இல்லை. ஆகவே இந்த விமானத்தை இதுவரை பராமரிக்காத ஒரு மெக்கானிக்கை அமர்த்தி, மேற்சொன்ன ஒவ்வொன்றையும் எழுத்தில் கொடுத்துவிட்டே வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும். டேப்பெட்டைக் கழற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால், ஓவர்ஹால் செலவு முழுவதையும் விலையில் கழித்துக் கேட்பேன். அதற்கும் இணங்காவிட்டால் வேறு 172என் தேடுவேன்.