வுகலினா நடை: டாஸ்மேனியக் கரையில் நான்கு நாள்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், வழிகாட்டிகளோடு போகும் கடற்கரை நடைப்பயணம் இந்த வுகலினா நடை. கிலோமீட்டர் கணக்கு பார்க்கிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. நான்கு நாள், மூன்று இரவு. அதில் உடம்பைப் பிழியும் நாள் ஒன்றே ஒன்று. கட்டணமோ ஒருவருக்கு 2,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும். இதே மணலில், தேசியப் பூங்கா அனுமதிச் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு தன்னந்தனியாக நடந்துவிட்டு வரலாம், தடை ஏதும் இல்லை. கொடுக்கிற காசு, உடன் வந்து வழிகாட்டுகிறவர்களுக்காக.

2018-இல் தொடங்கிய இந்த நடை டாஸ்மேனியப் பூர்வகுடி நில மன்றத்துக்குச் சொந்தம். டாஸ்மேனியப் பூர்வகுடிகளான பலாவா மக்களே வழிகாட்டுகிறார்கள். வெளியூர் நிறுவனம் பூர்வகுடிக்காரர் ஒருவரை வாசலில் நிறுத்தி வரவேற்புச் சொல்ல வைத்து அனுப்பிவிடும் ஏற்பாடு இல்லை. குழுவில் அதிகம் போனால் பத்துப் பேர்.

லான்செஸ்டன் நகரில் கூடி, வண்டியில் வடகிழக்கே போய், முதல் நாளே வுகலினா மலை ஏற்றம். ஆங்கிலப் பெயர் மவுண்ட் வில்லியம்; உயரம் வெறும் 216 மீட்டர். மலை என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. ஆனால் உச்சியில் நின்றால், ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடைப்பட்ட பாஸ் நீரிணையின் தீவுகள் தெரியும். நடை உண்மையில் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சீல் என்கிற கடல்விலங்கை வேட்டையாட வந்தவர்கள் இந்தக் கரையிலிருந்து பெண்களைக் கொண்டுபோனது அந்தத் தீவுகளுக்கு. இன்றைய பலாவா குடும்பங்கள் பலவும் அந்தப் பெண்களின் வழி வந்தவை. 1876-இல் ட்ருகனினி என்ற பூர்வகுடிப் பெண் இறந்ததோடு இனமே முடிந்தது என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். அந்தக் கதைக்கு மறுப்பு, எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கும் வழிகாட்டியேதான்.

இங்கே அழைக்கும் முறையில் நம்மவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஆன்ட்டி, அங்கிள் என்பதெல்லாம் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வரை சரளமாக வாயில் வருவது. அங்கே அது சமூகம் மதித்துக் கொடுக்கும் பட்டம். வயது கூடியவராகத் தெரிந்தாலும், மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்ட பிறகு வாய் திறப்பது நல்லது. இன்னொன்று: அவர்கள் மீட்டெடுத்த பலாவா கானி மொழியில் பெரிய எழுத்தே கிடையாது, ஊர்ப் பெயரும் சின்ன எழுத்தில்தான். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் தடுமாறுகிறார்கள். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதல் இரண்டு இரவும் க்ரகானி லூமி முகாமில். வெளியிலிருந்து பார்த்தால் புதருக்குள் மறைந்த மரப்பெட்டிகள். திறந்தால் உள்ளே வளைந்த மரக்குடை. பழைய குடில்களின் வடிவம் அது. மெத்தைப் படுக்கை உண்டு, கூடாரம் சுமக்க வேண்டாம்.

இரண்டாம் நாள் பெரும்பாலும் உட்காரும் நாள். சிலர் சலித்துக்கொள்வதும் அன்றுதான், கொடுத்த காசுக்குப் பலன் கிடைப்பதும் அன்றுதான். கரை ஒதுங்கிய தடித்த கடற்பாசியில் நீர்க்கூடை செய்யக் காட்டுகிறார்கள். பாசி ஈரமாக, தோல்போல வளையும் பதத்தில் இருக்க வேண்டும். காய்ந்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும், துளை போட்டால் கிழியும். வட்டமாக வெட்டி, விளிம்பைச் சுற்றித் துளையிட்டு, குச்சியும் கயிறும் கோத்துச் சுருக்க வேண்டும். காயக் காய நன்றாகவே சுருங்கும் என்பதால் வேண்டிய அளவைவிடப் பெரிதாக வெட்டுவதே சரி. முதல்முறை செய்கிறவர்கள் துளையை விளிம்புக்கு மிக அருகில் போட்டுவிடுகிறார்கள், கயிறு இழுத்ததும் அறுந்துபோகிறது. ஒரு விரல்கடை உள்ளே தள்ளிப் போட்டால் தாங்கும். சிப்பி மாலை கோப்பதற்கும் இதே பொறுமை வேண்டும்: ஊசியை அழுத்தினால் சிப்பி விண்டுவிடும், திருகித் திருகித்தான் இறக்க வேண்டும்.

கரையோர மேடுகளில் அடுக்கடுக்காகத் தெரியும் பழைய சிப்பிக் குவியல்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே சாப்பிட்டவர்கள் விட்டுச் சென்றவை. அதன்மேல் ஏறக்கூடாது, ஒரு சிப்பிகூட எடுக்கக்கூடாது; சட்டப்படியும் குற்றம்.

சாப்பாட்டில் பேச வேண்டியது யூலா, அதாவது மட்டன்பேர்ட் என்கிற கடற்பறவை. கருவாட்டு வாசமும் ஆட்டுக்கொழுப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படியோ அப்படி. கடலிலேயே இரை தேடும் பறவை, வேறெப்படி இருக்கும்? கொழுப்பு சொட்டிச் சொட்டித் தீ எழும்பும், சூடாக இருக்கும்போதே கடித்துவிட வேண்டும். ஆறினால் நாக்கில் எண்ணெய் படியும். கருவாடு பிடிக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் இரண்டாவது துண்டு கேட்பார்கள். வாலபி என்கிற சிறு கங்காருவின் இறைச்சியில் அந்தச் சிக்கல் இல்லை. சைவக்காரர்கள் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முட்டை, பால் ஆகுமா என்பதையும் சேர்த்து. முகாமுக்குப் போய்ச் சொன்னால் பக்கத்தில் கடை கிடையாது.

மூன்றாம் நாள் லாரபூனா கலங்கரை விளக்கம் வரை சுமார் 17 கிலோமீட்டர், பெரும்பகுதி மணல். தெற்கு நோக்கி நடப்பதால் கடல் எப்போதும் இடப்பக்கம். கரை சரிவாக இருக்கும், இடது கால் தாழ்ந்தே விழும். மணிக்கணக்கில் அப்படி நடந்தால் இடுப்பும் கணுக்காலும் சொல்லிக் காட்டும். அலை நனைத்துப் போன கெட்டி மணலிலேயே நடந்து, இடையிடையே மேலே சமதரைக்கு மாறிக்கொள்வதுதான் வழி. செம்மஞ்சள் கற்பாசி (லைக்கன்) பூத்த கருங்கல் பாறைகள் காய்ந்திருந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். நனைந்து கறுத்திருக்கும் இடத்தில் கால் வைக்கவே கூடாது.

கனமான மலையேற்றப் பூட்ஸ் இங்கே பாரம்தான். பழகிய இலகுவான நடைக்காலணி, கம்பளி நூல் சாக்ஸ் மூன்று ஜோடி, மணல் புகாமல் கணுக்கால் உறை. அந்த உறைக்கு இன்னொரு வேலையும் உண்டு: டாஸ்மேனியாவில் மூன்றே வகைப் பாம்பு, மூன்றும் விஷம். வெயில் இதமாகத்தான் தெரியும், தோலை உரித்துவிடும். பையும் மழைச் சட்டையும் அவர்கள் தருவதா, நாம் கொண்டுபோவதா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

கடைசி இரவு கலங்கரை விளக்கக் காவலர் வீட்டில். விளக்கு 1889-இல் கருங்கல்லில் கட்டியது. இந்தக் கரைக்கு 'பே ஆஃப் ஃபயர்ஸ்', அதாவது தீ விரிகுடா, என்று 1773-இல் பெயர் வைத்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஃபர்னோ, கப்பலிலிருந்து பார்த்தது இந்த மக்கள் மூட்டிய தீயைத்தான்.

விமானத்தில் வருகிறவர்கள் பழம், காய்கறி எதையும் பையில் வைக்கக்கூடாது. டாஸ்மேனியாவின் கட்டுப்பாடு கடுமை. திரும்பும்போது பாசிக் கூடை ஈரமாகவே இருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடித்து நாறும். உள்ளே கசக்கிய காகிதம் திணித்து, துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தால் வடிவம் மாறாமல் காயும்.