மேடவாக்கத்தில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் சம்ப்பைத் திறந்து பாருங்கள்

சென்னை வேளச்சேரியில் வாடகை கட்டுப்படியாகவில்லை, மேடவாக்கம் பக்கம் வரலாமா என்று நண்பர் கேட்டதற்கு எழுதிய பதில் இது. பள்ளிக்கரணை, கோவிலம்பாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கத்தில் தேடுபவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பள்ளிக்கூடம், கடை, மருத்துவமனை, பேருந்து எதற்கும் இங்கே குறைவில்லை. வேளச்சேரி, தாம்பரம், சோழிங்கநல்லூர், பரங்கிமலை, மாம்பாக்கம் என ஐந்து பக்கமும் சாலை பிரிகிறது. இதையெல்லாம் எந்தத் தரகரும் சொல்லிவிடுவார். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இங்கே மாதச் செலவையும் வீட்டு நிம்மதியையும் தீர்மானிப்பது அதுதான்.

முதலில் உள்ளே வரும் தண்ணீர். 8 வீடுகள் உள்ள கட்டடம், வீட்டுக்கு 4 பேர் என்று வையுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான வழக்கமான அளவு. அப்படியானால் நாளைக்கு 4,320 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று மூன்று நாள் முழுதாக வராது. போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றிய மாதத்தில் 10 அல்லது 11 லாரி வாங்கியாக வேண்டும். அன்றைய லாரி விலையை விசாரித்து, 11ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்தால் உங்கள் பங்கு தெரிந்துவிடும். வீட்டுக்காரர் சொல்லும் மெயின்டனன்ஸ் தொகை பெரும்பாலும் மழைக்காலத்துக் கணக்கு. மே மாதத்தில் எவ்வளவு வசூலித்தார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டாரிடமே கேளுங்கள்.

அடுத்து சம்ப், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் அளவு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, வருவதை 1,000ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு. 8,000 லிட்டர் சம்ப் உள்ள கட்டடத்துக்கு 12,000 லிட்டர் லாரி வந்தால், மீதியை மேல்தொட்டிக்கு ஏற்றி முடிக்கும்வரை லாரிக்காரர் நிற்க மாட்டார். முழு லாரிக்குக் காசு கொடுத்துவிட்டு முக்கால் லாரி வாங்கிக்கொள்ளும் கட்டடங்கள் இங்கே நிறைய. லாரி நுழைய முடியாத குறுக்குத் தெரு என்றால் சின்ன லாரிதான் வரும். லிட்டருக்கு விலை கூடும். சம்ப் மூடி தெருமட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேமேலே போட்டதில் பல தெருக்களில் சாலை உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டது. முதல் பெருமழைக்கே தெருத் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கும்.

போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. அதற்கு மேல் காட்டினால் குளிக்கவும் துவைக்கவும் மட்டும்தான். அந்த மாதிரித் தண்ணீரில் கீசர் காயிலில் உப்பு படிந்து சீக்கிரம் பழுதாகும், குழாய் முனைகள் அடைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் உதவாது. வெள்ளை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் காலையில் அடியில் செம்பழுப்பாகப் படியும். சோதனையை ஏப்ரல், மே மாதத்தில் செய்யுங்கள்; டிசம்பரில் எந்தப் போரும் நல்ல போர்தான்.

குழாய்த் தண்ணீர் வந்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வது முழுப் பொய்யில்லை. நெம்மேலியில் நாளைக்கு 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது, தென்சென்னைப் புறநகர்களை உத்தேசித்துத்தான். ஆனால் பிரதானக் குழாய் ஊர் எல்லைக்கு வருவது வேறு, உங்கள் தெருவில் குழாய் பதித்து வீட்டு இணைப்புக் கொடுப்பது வேறு. பள்ளிக்கரணை 2011 விரிவாக்கத்தில் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. மேடவாக்கமும் பெரும்பாக்கமும் சித்தாலப்பாக்கமும் ஊராட்சிகளாகவே இருந்து இவ்வளவு பெரிதானவை. ஒரே சாலையின் இரண்டு பக்கமும் வசதி வேறாக இருப்பதற்கு இந்த எல்லைக்கோடுதான் காரணம். வீட்டு வரி ரசீதை வாங்கி எந்த உள்ளாட்சி என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

வெளியே போகும் தண்ணீர்தான் நிஜமாகவே கோபம் வரவைக்கும் விஷயம். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெரு என்றால் எல்லாம் செப்டிக் டேங்க்கும் உறிஞ்சுகுழியும்தான். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். உறிஞ்சுகுழி உறிஞ்சாது. டேங்க் நிரம்பி, தரைத்தளக் கழிவறையில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். அதே வாரத்தில்தான் தெருவெல்லாம் கழிவுநீர் லாரிக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கும். சிலர் மழைநீர் வடிகாலில் மறைவாகக் குழாயைச் சொருகிவிடுகிறார்கள். தெருவே நாறும், கொசு பெருகும், பக்கத்துப் போரும் கெடும். பல லட்சங்கள் கொடுத்து வாங்கிய வீட்டில் இதை ஒரு குடும்பம் ஏன் சகிக்க வேண்டும்? செப்டிக் டேங்க்குக்கும் போருக்கும் எவ்வளவு தூரம் என்று அடி கணக்கில் அளந்து பாருங்கள். சிறிய மனைகளில் இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கும். அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

வெள்ளம் பற்றி ஒன்று புரிந்துகொண்டால் போதும். மேற்கேயும் தெற்கேயும் உள்ள ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலைச் சேர வேண்டும். வருகிற வழி பல, போகிற வழி ஒடுக்கம். கடல் ஏறியிருந்தால் அதுவும் மெதுவாகும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மழை நின்ற பிறகும் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் வடியாததற்கு இதுதான் காரணம். இஸ்திரி வண்டிக்காரரிடமும் பால் போடுபவரிடமும் ‘2023ல் இந்தத் தெருவில் எதுவரை தண்ணி நின்னுது?’ என்று கேளுங்கள். கை காட்டிச் சொல்வார்கள். மின்மீட்டர் பெட்டி தோள் உயரத்துக்கு மேல் மாற்றப்பட்டிருந்தால் அதுவும் ஒரு பதில்.

சொந்தமாக வாங்குபவர்களுக்கு இன்னொரு கவலை. சதுப்புநிலத்தின் 1,247 ஹெக்டேர் 2022ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டட அனுமதி கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. முன்பணம் கொடுக்குமுன் சர்வே எண்ணை வைத்து, இன்றைய நிலை என்ன என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. தாம்பரம் சாலையில் நன்மங்கலம் காப்புக்காடு. பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கும் காடு, இவ்வளவு நெரிசலுக்குப் பக்கத்தில். குளிர்காலத்தில் சதுப்புநிலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். வெயில் காலத்துப் பிற்பகலில் கடற்காற்று எட்டிப் பார்த்ததும் மொட்டைமாடிக்குப் போனால் வேளச்சேரியே மறந்துபோகும். மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ இந்த வழியாகத்தான் வருகிறது. இதே விலைக்கு இவ்வளவும் சேர்ந்த இடம் தென்சென்னையில் வேறு எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் விலைக்கு வாங்கலாமா என்று இந்தக் கோடையில் என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாடகைக்கு வாருங்கள். முதல் மாடியோ அதற்கு மேலோ பாருங்கள். ஒரு மே மாதமும் ஒரு கார்த்திகையும் இருந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள். முன்பணம் கொடுக்குமுன் குடியிருப்போர் சங்கத்தின் வரவுசெலவு நோட்டில் ஏப்ரல், மே பக்கங்களைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால், அடுத்த தெருவிலும் வீடு இருக்கிறது.